என்ஜின் இரைச்சலும் விவசாயியின் செவியும்

"சத்தமா? அதெல்லாம் பழகிப் போச்சு." டிராக்டர் ஓட்டுபவரும், கதிரடிக்கும் மெஷினுக்குக் கட்டு எடுத்துக் கொடுப்பவரும், ஆயில் என்ஜின் வைத்துத் தண்ணீர் இறைப்பவரும் சாதாரணமாகச் சொல்லும் பதில் இது. முதல் வருஷம் காதைத் துளைத்த இரைச்சல், பத்து வருஷம் ஆன பிறகு ஒரு பொருட்டாகத் தெரிவதில்லை. மண்வெட்டிக் காம்பு பட்டுப் பட்டு உள்ளங்கை காய்த்துப் போவதைப் போலக் காதும் காய்த்து உரமேறி விட்டது என்று அவர்கள் எண்ணிக் கொள்கிறார்கள். இந்த எண்ணம் தவறானது. அதனால் விளையும் நஷ்டமும் பெரிது. கை காய்த்தால் தோல் தடிக்கிறது. காதுக்குள் அப்படித் தடிப்பதற்கு ஒன்றுமில்லை, இருப்பதுதான் குறைகிறது. பழகிப் போயிற்று என்று சொல்லப்படுவதில் பெரும் பகுதி, கேட்கும் சக்தி தேய்ந்து போனதே ஆகும்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. அது கிராமங்களில் அவ்வளவாகத் தெரிந்திருக்கவில்லை. படித்தவர்களிலும் பலருக்குத் தெரியாது. இரைச்சலால் கெடுவது காது மட்டுமல்ல. காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பும், அந்த நரம்பு கொண்டு வரும் செய்தியைப் பிரித்துப் பார்க்கும் மூளைப் பகுதிகளும் மாறிப் போகின்றன. கடந்த நாற்பது ஆண்டுகளில் நடந்த ஆராய்ச்சிகள் இதைக் காட்டியிருக்கின்றன. ஆகவே, "வயசானால் காது மந்தம் வரத்தானே செய்யும், அப்போது ஒரு மெஷின் வாங்கி மாட்டிக் கொள்ளலாம்" என்று தள்ளிப் போடுவது சரியல்ல. காது மெஷின் சத்தத்தைப் பெரிதாக்கித் தரும். மாறிப் போன நரம்பையும் மூளையையும் அது பழையபடி ஆக்கித் தராது.

தொழில் செய்பவர் காது போவது புதிய சங்கதி அல்ல. வெனிஸ் நகரில் செம்பு தட்டும் கன்னார்கள் நாளடைவில் செவிடாகி விடுவதை இத்தாலிய மருத்துவர் ராமஸினி 1713-இல் வெளிவந்த தம் நூலின் பதிப்பில் எழுதி வைத்தார். 1886-இல் கிளாஸ்கோ நகரில் தாமஸ் பார் என்ற மருத்துவர், பாய்லர் செய்யும் தொழிலாளர்கள் 100 பேரைப் பரிசோதித்தார்; அவர்களில் ஒருவருக்குக்கூடக் கேட்கும் சக்தி சரியாக இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் இதைப் பட்டறையிலும் தொழிற்சாலையிலும் வரும் கேடாகவே கருதினார்கள். கமலை இறைத்த காலத்தில் கேட்டது உருளையின் கிரீச்சும் மாட்டை ஓட்டுபவரின் குரலும்தான். அவை யார் காதையும் கெடுக்கவில்லை. இன்று பட்டறையின் இரைச்சல் வயலுக்கே வந்து விட்டது.

மூடிய அறை இல்லாத டிராக்டரின் ஆசனத்தில் 90 முதல் 100 டெசிபல் வரை இரைச்சல் இருப்பது சாதாரணம். டெசிபல் கணக்கு மற்றக் கணக்குகளைப் போன்றதல்ல. 3 டெசிபல் கூடினால் ஒலியின் சக்தி இரண்டு மடங்காகிறது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த அளவுப்படி, ஒரு நாளில் 85 டெசிபல் இரைச்சலில் 8 மணி நேரம் இருக்கலாம். 88 ஆனால் 4 மணி நேரம். 91 ஆனால் 2 மணி நேரம். 94-க்கு ஒரு மணி நேரம். 100 டெசிபல் என்றால் கால் மணி நேரத்திலேயே அன்றைய பங்கு தீர்ந்து விடுகிறது. உழவு நாளில் காலை ஆறு மணிக்கு ஏறி மாலை வரை ஓட்டுகிறவர் எத்தனை நாளின் பங்கை ஒரே நாளில் செலவழிக்கிறார் என்பதை அவரே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

2005-இல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வு, டிராக்டர் ஓட்டும் விவசாயிகளையும் ஓட்டாத விவசாயிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தது. கீச்சென்ற உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன், டிராக்டர் ஓட்டுகிறவர்களிடம் அதிகமாகக் குறைந்திருந்தது. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் 1980-களில் பள்ளி மாணவர்களைச் சோதித்தபோது, பண்ணை வேலை செய்த பிள்ளைகளிடமே காது மந்தம் கூடுதலாக இருந்தது. பதினைந்து, பதினாறு வயதிலேயே இப்படி! மேல்நாட்டுப் பண்ணைகளில் இடது காது முதலில் கெடுவதையும் கவனித்திருக்கிறார்கள். வலது தோள் பக்கமாகத் திரும்பிப் பின்னால் கலப்பையைப் பார்த்துக் கொண்டே ஓட்டுவதால், இடது காது என்ஜினுக்கும் புகைக் குழாய்க்கும் நேராக நின்று விடுகிறது.

கோழிக்கு முளைக்கிறது, மனிதனுக்கு இல்லை

வெளியே தெரியும் காது ஒரு புனல் மாதிரி. ஒலி அதன் வழியே போய்ச் செவிப்பறையை அதிர வைக்கிறது. செவிப்பறையை ஒட்டியுள்ள மூன்று சிறு எலும்புகள் அந்த அதிர்வை உட்செவிக்குக் கடத்துகின்றன. உட்செவி என்பது நத்தைக் கூடு போலச் சுருண்ட, நீர் நிரம்பிய ஒரு சிறு குழல். அதற்குள் நெல் நாற்று வரிசை வைத்தாற்போல் மயிரணுக்கள் நிற்கின்றன. வெளி வரிசைகளில் சுமார் 12,000. உள் வரிசையில் சுமார் 3,500. நீர் அலையும்போது இவற்றின் நுனி சாய்கிறது. உள் வரிசை அணுக்கள் அந்தச் சாய்வை மின் செய்தியாக்கிச் செவி நரம்புக்குக் கொடுக்கின்றன. வெளி வரிசை அணுக்களின் வேலை, மெல்லிய ஒலியைத் தூக்கிக் கொடுப்பது. செவி நரம்பில் சுமார் 30,000 இழைகள் உண்டு. ஒரு மனிதன் வாழ்நாள் முழுவதும் கேட்பதற்கு உள்ள முதலீடு இவ்வளவுதான்.

குழலின் வாய்ப் பக்கத்தில், அதாவது தலைமடையில், உயர்ந்த ஒலிகளுக்கான அணுக்கள் இருக்கின்றன. கடைமடையில் தாழ்ந்த ஒலிகளுக்கானவை. இரைச்சலின் அடி பெரும்பாலும் தலைமடைப் பக்கத்தில்தான் முதலில் விழுகிறது. காது சோதிக்கும் ஆடியோகிராம் சீட்டில் 4,000 ஹெர்ட்ஸ் என்ற அளவை ஒட்டி ஒரு பள்ளம் விழுந்திருந்தால், இது இரைச்சலால் வந்த கேடு என்று டாக்டர்கள் அடையாளம் காண்கிறார்கள். சில்வண்டின் ஒலியும் குருவிக் குஞ்சின் கீச்சும் இந்த வட்டாரத்தைச் சேர்ந்தவை. "இப்போதெல்லாம் சில்வண்டு சத்தமே இல்லை" என்று சொல்லும் பெரியவர், வண்டு குறைந்ததைச் சொல்கிறாரா, தம் காது குறைந்ததைச் சொல்கிறாரா என்று விசாரிப்பது நல்லது.

சாய்ந்த நாற்று நிமிர்வது போல, மிதமாக அடிபட்ட மயிரணு நிமிர்ந்து கொள்ளும். திருவிழாவில் ஒலிபெருக்கிக்கு அருகே நின்றவருக்கு அன்று இரவு அடைத்த காது மறுநாள் சரியாகி விடுவது இதனால்தான். ஆனால் செத்த அணு செத்ததுதான். கோழியின் காதில் அப்படி இல்லை. இரைச்சலாலோ மருந்தாலோ மயிரணு அழிந்த கோழிக்குஞ்சின் காதில் புது மயிரணு முளைத்து வருவதை 1987, 1988 ஆண்டுகளில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். கொல்லையில் மேயும் கோழிக்கு உள்ள இந்த வரம் மனிதனுக்கும் மாட்டுக்கும் ஆட்டுக்கும் இல்லை. மனிதக் காதில் அதை முளைக்க வைக்கப் பல நாடுகளில் முயல்கிறார்கள். கையில் கொடுக்கும்படியான மருந்து இன்னும் வரவில்லை.

மறுநாள் சரியாகி விட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை என்றுதான் மருத்துவ உலகமும் நெடுநாள் நம்பி வந்தது. அந்த நம்பிக்கையை 2009-இல் பாஸ்டன் நகரில் ஷாரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் என்ற இருவர் உடைத்தார்கள். சுண்டெலிகளை 100 டெசிபல் இரைச்சலில் 2 மணி நேரம் வைத்தார்கள். எலிகளின் காது முதலில் மந்தமாயிற்று. சில வாரங்களில் தேறி விட்டது. மயிரணுக்கள் எல்லாம் உயிரோடு இருந்தன. பழைய முறைப்படி பார்த்தால் எலிக்குக் கேடில்லை. ஆனால் மயிரணுவும் நரம்பிழையும் சேரும் இணைப்புகளை எண்ணிப் பார்த்தபோது, உயர்ந்த ஒலிகளுக்கான பகுதியில் ஏறக்குறைய பாதி இணைப்புகளைக் காணவில்லை. மடை நன்றாக இருக்கிறது, வாய்க்காலும் இருக்கிறது, ஆனால் மடைக்கும் வாய்க்காலுக்கும் நடுவே இருந்த தொடர்பு அறுந்து கிடக்கிறது. பிறகு பல மாதங்களில் அந்த நரம்பு அணுக்களும் மெல்ல மெல்லச் செத்தன.

இதற்கு மறைந்த காது மந்தம் என்று பெயர் வந்தது. சந்தடியில்லாத அறையில் வைத்துச் சோதித்தால் எல்லாம் சரியாகக் கேட்கும். ஏனென்றால் மெல்லிய ஒலியை எடுத்துச் செல்லும் இழைகள் பெரும்பாலும் தப்பி விடுகின்றன. சந்தடிக்கு நடுவே பேச்சைப் பிரித்துக் காட்ட உதவும் இழைகளே அதிகம் போகின்றன. எலியில் கண்டது மனிதனிடமும் அதே அளவில் நடக்கிறதா என்பது பற்றி ஆராய்ச்சியாளர்களிடையே கருத்து வேற்றுமை இருக்கிறது. ஆனால் இறந்தவர்களின் காதெலும்புகளை ஆராய்ந்தவர்கள், மயிரணு இருக்கும்போதே நரம்பு இழைகள் குறைந்து போயிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். "ஆஸ்பத்திரியில் பார்த்தோம், காதில் ஒன்றுமில்லை என்று சொல்லி விட்டார்கள், ஆனால் கல்யாண வீட்டில் யார் பேசினாலும் புரியவில்லை" என்று சொல்பவரைப் பாசாங்கு செய்கிறார் என்று வீட்டார் நினைக்கக் கூடாது.

மூளையில் நடப்பது

காது கொடுப்பது வெறும் சரக்கு. தரம் பிரித்து, எடை போட்டு, இன்னது இன்னது என்று சொல்வது மூளை. அந்தச் சரக்கு குறைந்தால் மூளை சும்மா இருப்பதில்லை.

டிரான்சிஸ்டர் ரேடியோவில் தூரத்து நிலையம் மங்கலாகக் கேட்டால் என்ன செய்வோம்? ஒலியைக் கூட்டி வைப்போம். நிலையத்தின் குரலோடு இரைச்சலும் சேர்ந்து கூடும். மூளைத் தண்டிலும் அதற்கு மேலும் உள்ள கேள்வி நிலையங்கள் செய்வதும் ஏறக்குறைய இதுதான். நரம்பு வழியே வரும் செய்தி குறையக் குறைய, அவை தம் கூர்மையை ஏற்றிக் கொள்கின்றன. விளைவு, வெளியே ஒரு சத்தமும் இல்லாதபோதே உள்ளே சத்தம் கேட்கிறது. காதில் வண்டு பறக்கிறது, உய்யென்று கூவுகிறது, பிரஷர் குக்கர் சீறுகிறது என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். ராத்திரி ஊர் அடங்கிய பிறகு இது அதிகமாகும். தூக்கம் கெடும், சிலருக்கு மனமே ஒடிந்து போகும்.

இந்த ரீங்காரம் காதில் கேட்பது போல் இருந்தாலும், அதை நடத்துவது பெரும்பாலும் மூளைதான். கட்டி நோய்க்காகச் செவி நரம்பையே வெட்ட நேர்ந்தவர்களில் பலருக்கும் ரீங்காரம் நிற்கவில்லை. ஆகவே காதில் காய்ச்சிய எண்ணெய் விடுவதாலும், பூண்டுச் சாறு ஊற்றுவதாலும் இது தீராது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் உள்ளே போய்ச் சீழ் வைக்கவும் கூடும். ரீங்காரத்தை அடியோடு நிறுத்தும் மாத்திரை எதுவும் இன்று வரை இல்லை. அப்படி ஒன்று இருப்பதாகச் சொல்லிப் பணம் கேட்பவரை நம்ப வேண்டாம். அதே சமயம், குரும்பி அடைத்திருந்தாலும் காது மந்தமும் ரீங்காரமும் வரும். அது ஐந்து நிமிடத்தில் தீரக்கூடிய கோளாறு. எனவே டாக்டர் ஒருமுறை பார்த்து விடுவது அவசியம்.

எல்லா வீட்டிலும் நடக்கும் ஒரு சண்டையையும் இங்கே சொல்ல வேண்டும். பெரியவரிடம் மெதுவாகப் பேசினால், "என்ன முணுமுணுக்கிறாய், சத்தமாகச் சொல்" என்பார். சற்றுச் சத்தமாகச் சொன்னால், "ஏன் கத்துகிறாய், நான் என்ன செவிடா?" என்பார். மருமகள் திகைத்து நிற்பாள். பெரியவர் வீம்புக்குப் பேசவில்லை. மெல்லிய ஒலியை எடுக்கும் அணுக்கள் போய் விட்டதால் மெதுவான பேச்சு எட்டவில்லை. மூளை கூர்மையை ஏற்றி வைத்திருப்பதால், எட்டிய பேச்சு சட்டென்று உரக்க விழுகிறது. கேட்காததற்கும் தாங்க முடியாததற்கும் நடுவே உள்ள இடம் அவருக்குச் சுருங்கி விட்டது. அவரிடம் கத்தாமல், முகத்தைப் பார்த்து, நிறுத்தி, தெளிவாகப் பேசினால் பாதிச் சண்டை குறையும்.

இன்னொரு மாற்றம் இன்னும் ஆழமானது. மூளையில் காதுக்கு நேர் மேலே உள்ள பகுதியில், ஒவ்வொரு ஒலி உயரத்துக்கும் ஒரு துண்டு நிலம் ஒதுக்கியிருப்பது போன்ற அமைப்பு உண்டு. தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலி வரை வரிசையாக வயல்கள். உட்செவியின் ஒரு பகுதி கெட்டு அந்த வயலுக்குத் தண்ணீர் வருவது நின்று விட்டால், அது தரிசாகக் கிடப்பதில்லை. பக்கத்து வயல்காரர் வரப்பை வெட்டி அதையும் சேர்த்துக் கொள்கிறார்! 1989-இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்களான ராபர்ட்ஸன், இர்வின் இருவரும் கினிப் பன்றிகளின் மூளையில் இதைக் கண்டு எழுதினார்கள். உட்செவியில் ஓர் இடம் சேதமானதும், அந்த ஒலிக்குரிய மூளைப் பகுதி, அதற்கு அடுத்த ஒலிகளுக்கு வேலை செய்யத் தொடங்கி விட்டது. வரப்பு மாறிப் போன நிலத்தில் பழைய அளவு கல்லைத் தேடுவது எவ்வளவு சிரமம் என்பதை விவசாயிக்குச் சொல்லத் தேவையில்லை.

காது மெஷின் வாங்கியவர் பலர், "இரைச்சல்தான் கேட்கிறது, பேச்சு புரியவில்லை" என்று ஒரு வாரத்தில் கழற்றிப் பெட்டியில் வைத்து விடுவதற்கு இதுவும் ஒரு காரணம். பல வருஷமாக வராத ஒலிகள் திடீரென்று வந்து விழும்போது, அவற்றைப் பிரித்துப் பார்க்க மூளைக்கு அவகாசம் வேண்டும். முதலில் வீட்டுக்குள் சில மணி நேரம், பிறகு திண்ணையில், பிறகு கடைத்தெருவில் என்று சில வாரங்களாவது விடாமல் மாட்டிப் பழக வேண்டும். காது மந்தம் கண்ட உடனே மாட்டிக் கொள்பவருக்கு இது எளிது. பத்து வருஷம் தள்ளிப் போட்டவருக்குச் சிரமம்.

மறதி நோய்க்கும் இதற்கும் உள்ள தொடர்பு பற்றியும் இப்போது அதிகம் பேசப்படுகிறது. 2024-இல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு, மறதி நோய்க்கான, மாற்றக் கூடிய 14 காரணங்களில் நடு வயதுக் காது மந்தத்தையும் ஒன்றாகச் சேர்த்தது. காது மெஷின் மாட்டினால் மறதி வராது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையுள்ள 977 பேரிடம் நடந்து 2023-இல் முடிவு வெளியான சோதனையில், எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது மூன்று வருஷத்தில் வித்தியாசம் தெரியவில்லை. ஏற்கனவே மறதிக்கு ஆளாகும் அபாயம் கூடுதலாக இருந்தவர்களிடம் மட்டும் அறிவு மங்குவது 48 சதவீதம் குறைந்திருந்தது. பேச்சு புரியாதவர் நாலு பேர் கூடும் இடத்துக்குப் போவதை நிறுத்திக் கொள்வதும், கேட்பதிலேயே மூளையின் உழைப்பெல்லாம் செலவாகி விடுவதும் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

எழுபதா, எண்பதா?

காது மந்தம் என்றால் எல்லாச் சத்தமும் சமமாகக் குறைவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. தமிழில் அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகள் தாழ்ந்தவை, பலமானவை. அவை கேட்டுக் கொண்டே இருக்கும். ஒரு வல்லினத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் நுணுக்கமான ஒலிகள் உயர்ந்தவை, மெலிந்தவை. இரைச்சல் தின்பது அவற்றைத்தான். பத்து, பட்டு இரண்டும் ஒன்றாகி விடும். கட்டு, கத்து வேறுபாடு போய் விடும். குரல் கேட்கும், சொல் புரியாது. அதனால்தான், "எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது, இந்தக் காலத்துப் பிள்ளைகள்தான் வாய்க்குள் பேசுகிறார்கள்" என்று காது போனவர் நிஜமாகவே நம்புகிறார்.

கமிஷன் மண்டியில் நாலு பேர் ஒரே சமயத்தில் விலை கூறும்போது எழுபதுக்கும் எண்பதுக்கும் உள்ள வித்தியாசம் ஓர் எழுத்தில் இருக்கிறது. கிலோவுக்குப் பத்து ரூபாயாக அது விவசாயியின் மடியில் விழுகிறது, அல்லது விழாமல் போகிறது. வங்கியில் மானேஜர் சொல்லும் தவணைத் தேதி, மருந்துக் கடையில் ஏக்கருக்கு எத்தனை மில்லி என்று சொல்லும் அளவு ஆகிய எல்லாமே இப்படித்தான். கேட்கவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு, "ஆமாம், ஆமாம்" என்று தலையாட்டி விட்டு வருபவர் எத்தனை பேர்! (மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசும் பழக்கம் இந்த வகையில் மேலானது. அங்கே காதுக்கு வேலையில்லை.)

உயிருக்கே ஆபத்தான சமயங்களும் உண்டு. மெஷினில் கை சிக்கியவர் போடும் கூச்சல், பின்னால் வரும் லாரியின் ஹாரன், பேரிங் தேய்ந்து கிறீச்சிடுவது ஆகியவை எட்ட வேண்டிய நேரத்தில் எட்ட வேண்டும்.

செய்யக் கூடியவை

ஒரு கை நீளத்தில் நிற்பவரிடம் பேசக் குரலை உயர்த்த வேண்டியிருந்தால், அந்த இடத்தின் இரைச்சல் காதைக் கெடுக்கும் அளவுக்கு வந்து விட்டது என்று கொள்ளலாம். வேலை முடிந்த பிறகு காது அடைத்தாற்போல் இருப்பதும், கூவுவதும் எச்சரிக்கை. மறுநாள் அது நின்று விடுவதைக் கொண்டு ஏமாறக் கூடாது என்பதற்குத்தான் மேலே அந்தச் சுண்டெலிக் கதை சொல்லப்பட்டது.

முதல் வைத்தியம் மெஷினுக்கு. ஓட்டை விழுந்த சைலன்ஸரை மாற்றாமல் வருஷக் கணக்கில் ஓட்டுவதும், இழுவை கூடும் என்று எண்ணிச் சைலன்ஸரையே கழற்றி விடுவதும் பல ஊர்களில் நடக்கின்றன. தளர்ந்த போல்ட்டு, ஆடும் தகடு, கிரீஸ் காணாத பேரிங் எல்லாம் இரைச்சலைக் கூட்டும். ஆயில் என்ஜினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து மடை பார்க்க வேண்டியதில்லை. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் இரைச்சல் சுமார் 6 டெசிபல் குறையும். எட்டடி தள்ளி இருந்தவர் முப்பதடி தள்ளி வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தால் காசில்லாமல் காது தப்பிக்கிறது. மின்சார மோட்டாருக்கு மாற வசதி உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை பெருமளவு இல்லை.

காதில் பஞ்சு வைத்துக் கொள்வதால் பயன் மிகக் குறைவு. ரப்பர் நுரையால் ஆன காதடைப்பான் விலை சொற்பம். அதை விரலால் மெல்லியதாக உருட்டி, காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்துச் செருகி, உப்பும் வரை விரலால் அழுத்திக் கொண்டிருக்க வேண்டும். சரியாகச் செருகாதது வைக்காததற்குச் சமம். வயல் வேலையில் இதற்கு ஒரு குறை உண்டு: சேறும் பூச்சி மருந்தும் பட்ட கையால் உருட்டிக் காதுக்குள் வைப்பது கூடாது. அதற்குத் தலையில் மாட்டும் காது மூடியே ஏற்றது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பல வருஷம் வரும். வெயிலில் வியர்க்கும் என்பது உண்மைதான். மெஷின் நிற்கும்போதெல்லாம் கழற்றி விடலாம்.

காதை மூடினால் என்ஜின் கோளாறு தெரியாது, கூப்பிட்டால் கேட்காது என்று சொல்கிறார்கள். காது நல்ல நிலையில் இருப்பவருக்கு இந்தப் பயம் வேண்டாம். மூடி எல்லாவற்றையும் குறைத்துத் தருமே தவிர அடியோடு மறைக்காது. என்ஜின் ஓடும்போது, மூடியோடு கேட்கும் பேச்சு மூடியில்லாமல் கேட்பதற்குப் பெரும்பாலும் குறைந்ததல்ல. ஏற்கனவே காது மந்தமானவருக்கு மட்டும் இந்த ஆட்சேபம் பொருந்தும். அவரோடு வேலை செய்பவர்கள், நிறுத்து, எடு, போதும் என்பதற்கெல்லாம் கை ஜாடை பேசி வைத்துக் கொள்ள வேண்டும்.

காட்டுப் பன்றி விரட்ட வெடி போடுகிறவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். என்ஜின் இரைச்சல் வருஷக் கணக்கில் செய்யும் கேட்டை, காதருகே வெடிக்கும் ஒரே வேட்டு ஒரு நொடியில் செய்து விடும். அப்படித் திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால், "தானாக வரும்" என்று காத்திராமல் ஓரிரு நாளுக்குள் காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் போய்விட வேண்டும். நாள் கடந்தால் மருந்துக்குப் பலன் குறையும்.

டிராக்டரில் பெரிய ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போட்டுக் கொண்டு ஓட்டுவது இளைஞர்களிடையே ஒரு மோஸ்தராகி இருக்கிறது. என்ஜின் 95 டெசிபலில் கத்தும்போது பாட்டு அதற்கு மேல் கேட்க வேண்டுமானால் எவ்வளவு வைக்க வேண்டும்! இயர்போனும் அப்படியே, இரைச்சலை அமுக்கப் பாட்டைக் கூட்டிக் கொண்டே போவார்கள். உழவு நேரத்துக்குப் பாட்டு வேண்டாம் என்று டிராக்டர் வைத்திருக்கும் தகப்பனார்கள் கண்டிப்பாகச் சொல்லலாம்.

எல்லாப் பொறுப்பையும் விவசாயி தலையிலேயே கட்டுவதும் நியாயமாகாது. கதிரடிக்கும் மெஷினில் கை இழந்தவர்களின் கதி கண்ணுக்குத் தெரிந்ததால், 1983-இல் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. தொழிற்சாலைத் தொழிலாளிக்கு இரைச்சலால் காது போனால், அதை அறிவிக்க வேண்டிய தொழில் நோயாக 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணை வைத்திருந்தது. தன் இரண்டு ஏக்கரில் தானே உழுகிறவர் எந்தத் தொழிற்சாலைக் கணக்கிலும் வரமாட்டார். அவர் காது போனதை எழுதி வைக்க ஒரு ரிஜிஸ்தர் கூடக் கிடையாது. 2014-15-இல் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம் தொடங்கியது முதல் இயந்திரங்களுக்கு மானியம் கணிசமாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. பல லட்சம் ரூபாய் இயந்திரத்துக்கு மானியம் கொடுக்கும்போது, சில நூறு ரூபாய்க் காது மூடியையும் அதன் பாகமாகச் சேர்க்கக் கூடாதா? ஓட்டுபவர் காதருகே எத்தனை டெசிபல் என்பதை விலைச் சீட்டில் குதிரைத் திறனுக்குப் பக்கத்திலேயே தமிழில் அச்சிட்டால், வாங்குகிறவர் இரண்டு கம்பெனியை ஒப்பிட்டுப் பார்க்க முடியும். 2006-07-இல் தொடங்கிய தேசியக் காது கேளாமைத் தடுப்புத் திட்டத்தின் முகாம்களை, அறுவடை முடிந்து கை ஓய்ந்திருக்கும் மாதங்களில் ஊராட்சிகளிலேயே நடத்தினால் டிராக்டர் ஓட்டுநர்கள் வருவார்கள். அறுவடை நாளில் மாவட்ட ஆஸ்பத்திரிக்கு வா என்றால் யாரும் போகமாட்டார்கள்.

வேளாண் பொறியியல் துறையும், வாடகைக்கு இயந்திரம் விடும் மையங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் இதை நாளைக்கே தொடங்கி விடலாம். டிராக்டரோ பவர் டில்லரோ வெளியே போகும்போது ஸ்பானர் பெட்டியோடு ஒரு ஜோடி காது மூடியும் கொடுத்தனுப்பி, திரும்பி வரும்போது கணக்கில் வாங்கிக் கொள்ளலாம். பலர் மாற்றி மாற்றி மாட்டுவதால் காதில் படும் மெத்தையை ஒவ்வொரு முறையும் துடைத்து வைக்க வேண்டும். மெத்தை வெடித்து விறைத்துப் போனால் இரைச்சல் உள்ளே புகும், ஆகையால் அதை மட்டும் அவ்வப்போது மாற்றினால் போதும்.